ஒற்றை நட்சத்திரம் போட்ட அத்தானுக்கு

என்றைக்கும் என் மதிப்பில் குறையாத அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே உங்கள் முழங்கால், அக்காவின் மூக்குக்கண்ணாடி, மாடிக் குழாயின் கசிவு ஆகிய மூன்றும் இதற்குள் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்களுக்குத் தெரிந்தது "என்ன", "சரி", "வை" என்ற மூன்று சொற்கள்தான். அதிலும் மூன்றாவதைச் சொல்லும் முன்பே வைத்துவிடுவீர்கள். எனக்கோ சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்துக்கு நேராக வருகிறேன். 'சீறும் வாள் சிவக்கும் பனி' என்ற சீனத்து வாள்சண்டைப் படத்தைப் பற்றி, போனில் படம் காட்டும் அந்தச் செயலியில், பார்வையாளர் கருத்து என்ற பகுதியில், தாங்கள் எழுதி ஒற்றை நட்சத்திரமும் போட்டிருக்கும் கருத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தயவுசெய்து நீக்கிவிட வேண்டும் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நீக்க மனம் வராவிட்டால் அந்த ஒன்றை மூன்றாக உயர்த்தினாலும் போதும். என் பிழைப்பு அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நம் குடும்பத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ரேடியோவில் இருக்கிறான் என்பார்கள் சிலர். நான் ரேடியோவில் இருந்ததே கிடையாது. சினிமாவில் இருக்கிறான் என்பார்கள் வேறு சிலர். எந்தப் படத்தில் வருவாய் என்று கேட்பார்கள், எதிலும் வரமாட்டேன் என்றால் பாவம் என்று பார்ப்பார்கள். நான் டப்பிங் பேசுகிறவன் அத்தான். வேறு மொழிக்காரன் வாயசைப்பான், தமிழில் நான் பேசுவேன். இந்த வாள் படத்தில் ஒரு சாம்ராஜ்யமே இருக்கிறது: அரசர், அமைச்சர், இரண்டு வாள் பரம்பரை, ஒரு மடம் நிறையச் சாமியார்கள், கணக்கில்லாத சேனை. இத்தனைக்கும் எங்கள் ஸ்டூடியோவில் குரல் கொடுத்தது மூன்றே பேர். நான், நாங்கள் 'கர்ஜனை' என்று கூப்பிடும் வில்லன் குரல்காரர், 'பாப்பா' என்று கூப்பிடும் அம்மாள். பாப்பாவுக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. ஆனாலும் குழந்தை, கதாநாயகி, எதிரி நாட்டு ராணி எல்லாம் அவர்தான். ஒரு காட்சியில் ராணி கதாநாயகிக்கு விஷம் வைக்கிறாள், கதாநாயகி துடிக்கிறாள், பக்கத்தில் குழந்தை அழுகிறது. அதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெளியே வந்து அவர் கேட்டது ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும்தான்.

எனக்குக் குருநாதர், எதிரிச் சேனாபதி, அப்புறம் பாதிச் சேனை. குருநாதரும் சேனாபதியும் மூங்கில் காட்டில் மோதுவதுதான் படத்திலேயே பெரிய சண்டை. அதில் வெட்டுகிறவனும் நான், வெட்டுப்படுகிறவனும் நான். காலையில் குருநாதராக நின்று ஹா, ஹும் என்று வெட்டித் தள்ளினேன். சாப்பிட்டுவிட்டு வந்து சேனாபதியாக நின்று அத்தனை வெட்டையும் வாங்கிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், "அண்ணே, இன்னும் கொஞ்சம் வலிக்கணும்" என்றார். கூட்டினேன். "இவ்வளவு வேணாம்ணே, அவன் சேனாபதி" என்றார். குறைத்தேன். வீட்டில் குளியலறைக்குள் நின்று சாகப் பழகிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "சார் வழுக்கி விழுந்துட்டாரா?" என்று கேட்டார். என் மனைவி அடுப்படியிலிருந்தே, "இல்லைங்க, வேலை பாக்குறாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்தது உதடு. எந்த உதடும் எந்தச் சொல்லோடும் பொருந்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எப்படிப் பொருந்தும் சொல்லுங்கள்? சீனத்தில் அந்த மனிதர் மூச்சுவிடாமல் எதையோ நீளமாகச் சொல்கிறார். அது இடையில் வேறு ஏதோ மொழிக்குப் போய், அங்கே பாதி உதிர்ந்து, எங்கள் வசனக்காரர் கைக்கு வரும்போது 'போகாதே' என்ற ஒரே சொல்லாக வந்து நிற்கிறது. திரையில் வாய் ஓடிக்கொண்டே இருக்கும், எங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த மிச்ச வாயை அடைக்க வசனக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். மிஞ்சுகிற இடத்தில் எல்லாம் 'புரிகிறதா' என்று போட்டார். அதற்கும் மேலே மிஞ்சினால் 'புரிகிறதா, நன்றாக யோசித்துப் பார்' என்று போட்டார். தாடி வைத்த பாத்திரம் கிடைத்தால் எங்களுக்குக் கொண்டாட்டம், உதடு தெரியாது, எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். தாடிக்காக நானும் கர்ஜனையும் அடித்துக்கொள்ளாத படமே இல்லை. குருநாதருக்குத் தாடி கிடையாது, மழமழவென்று இருக்கிறார். அதனால்தான் படம் முழுக்க ஆளைப் பார்த்தால் புரிகிறதா, மலையைப் பார்த்தாலும் புரிகிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறார். அதில் தத்துவம் எதுவும் இல்லை. வாய் மிச்சம், அவ்வளவுதான்.

ஜலதோஷம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மை. நாங்கள் பேசும் அறைக்கு ஜன்னல் கிடையாது, சுவர் முழுக்கப் பஞ்சு, குளிர்சாதனம் ஓடினால் சத்தம் விழும் என்று பேசும்போது நிறுத்திவிடுவார்கள், பேசி முடித்ததும் போடுவார்கள். வேர்த்து, உறைந்து, மறுபடி வேர்த்து, கர்ஜனைக்கு வந்த ஜலதோஷம் பாப்பாவுக்குப் போய் என்னிடம் வந்து சேர்ந்தது. தேதியைத் தள்ளமாட்டேன் என்று ஸ்டூடியோ முதலாளி சொல்லிவிட்டார். ஆக அந்த சாம்ராஜ்யத்துக்கே மூக்கடைப்பு. கடைசி நாள் நான் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது ஒலிப்பதிவாளர், "அண்ணே, ஒண்ணு விட்டுப்போச்சு. முதல் காட்சியில கோட்டைக் கதவைத் திறக்கிற கிழவன்" என்றார். அது கர்ஜனை பேச வேண்டியது. அவர் வீட்டுக்குப் போய்விட்டார். வசனக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். தாளில், 'வருக இளஞ்சிங்கமே, உம் வரவால் இக்கோட்டை தலைநிமிர்ந்தது' என்று எழுதியிருக்கிறது. திரையில் அந்தக் கிழவன் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடுகிறான், அம்பு பட்டுச் சாகிறான். சிங்கமும் கோட்டையும் அந்த வாய்க்குள் எங்கே அடங்கும்? எனக்கு நிற்கவே முடியவில்லை. "வந்துட்டியா? சரி, கதவைச் சாத்திட்டு வா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். எல்லாரும் அரண்மனைத் தமிழ் பேசுகிற படத்தில் ஒருத்தன் மட்டும் வீட்டுத் தமிழ் பேசிவிட்டுச் சாகிறான். யாரும் கவனிக்கவில்லை. இந்த லட்சணத்தில்தான் வேலை நடந்தது. மறைக்கவில்லை.

படம் வெளியானது. பார்வையாளர் கருத்து என்று ஒன்று அதன் கீழே வரும் என்பதே எனக்கு முதலாளி சொல்லித்தான் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம். ஒருத்தர், "படத்தில் பனியே இல்லை, பெயரில் மட்டும் பனி, இது மோசடி" என்று எழுதியிருந்தார். பெயர் வைத்தது முதலாளி. அவர் படம் பார்க்கவில்லை. இன்னொருத்தர், "குருநாதர் என்ன கணக்கு வாத்தியாரா? புரிகிறதா புரிகிறதா என்கிறார். எனக்குப் புரியவில்லை" என்று எழுதினார். வேறொருத்தர், "சண்டை பிரமாதம், யாரும் பேசாமல் இருந்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன்" என்றார். எங்களை வாழ்த்தியது ஒரே ஒரு தாய். "இந்தப் படத்தைப் போட்டால்தான் என் பிள்ளை உடனே தூங்குகிறது" என்று முழுசாக ஐந்து கொடுத்திருந்தார். அதற்குக் கீழே ஒருவர், "இவர்கள்தான் பறக்கிறார்களே, அப்புறம் எதற்குக் குதிரையில் போகிறார்கள்?" என்று கேட்க, "குதிரைக்குப் பறக்கத் தெரியாது, அதை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா?" என்று இன்னொருவர் பாய, அந்தச் சண்டை மூங்கில் காட்டுச் சண்டையைவிட நீளமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கத்திலும் பேர் தெரியாதவர்கள் வாளோடு வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள். குதிரையின் பக்கம் நிற்பவர்களில் என் மகளும் ஒருத்தி என்று பிறகு தெரிந்தது.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன். போன வாரம் முதலாளி எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து ஒரு பெட்டியைத் திறந்தார். கம்ப்யூட்டர். "இது பேசுறதைக் கேளுங்க" என்றார். அது குருநாதர் வசனத்தைப் பேசியது. நன்றாகத்தான் இருந்தது அத்தான், பொய் சொல்லக் கூடாது. மூக்கடைப்பு இல்லை, உச்சரிப்புச் சுத்தம், உதடு எங்கே நின்றாலும் இதுவும் நிற்கிறது. ஒரே ஒரு குறை. 'ஐயோ, என் தந்தையைக் கொன்றுவிட்டாயே' என்பதை, ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற நிதானத்தில் சொல்கிறது. கர்ஜனை உடனே எழுந்து, "சார், இதுல அழுகையே இல்லையே" என்றார். முதலாளி, "அதுக்கு அழத் தேவையில்லைய்யா. டீயும் தேவையில்லை" என்றார். இந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். பார்வையாளர் நட்சத்திரம் சராசரி மூன்றைத் தொட்டால் எங்களுக்கு, தொடாவிட்டால் பெட்டிக்கு. வெள்ளிக்கிழமை முடிவு. அன்றைக்கு நாங்கள் மூன்றுக்குக் கீழே ஒரு நூலிழையில் நின்றுகொண்டிருந்தோம். பாப்பா எழுந்துபோய்த் தன் டம்ளரைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அதை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்.

அதைப் பார்த்த பிறகு வீட்டுக்கு வந்து, மானத்தை விட்டு, நம் குடும்பக் குழுவில் எல்லாரையும் கேட்டுக்கொண்டேன். நான் பேசிய படம், பார்த்துவிட்டு நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள் என்றேன். அந்தத் தப்பை மட்டும் நான் செய்திருக்கக் கூடாது. முதலில் எழுதியது நம் சின்ன அத்தை. "என் அண்ணன் மகன் சீனாக்காரனாக நன்றாக நடித்திருக்கிறான். முகம்தான் வற்றிவிட்டது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்" என்று எழுதி, ஐந்து போட்டால் கண் பட்டுவிடும் என்று இரண்டோடு நிறுத்திக்கொண்டார். அடுத்தது என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி. ஐந்து நட்சத்திரம்தான், சந்தோஷம். ஆனால் எழுதியிருப்பது, "மூன்றே நாளில் முதுகுவலி போய்விட்டது, கொண்டுவந்து போட்டவர்கள் மட்டும் தாமதம்" என்று. மெத்தை வாங்கியபோது எழுதியதையே எடுத்து ஒட்டியிருக்கிறான். கேட்டால், "நல்லதாத்தானே மாமா சொல்லியிருக்கேன்" என்கிறான். மெத்தை என்று தெரிந்ததும் செயலிக்காரர்கள் அதைத் தூக்கிவிட்டார்கள். ஐந்தும் போயிற்று.

கர்ஜனையும் எழுதினார். "சேனையின் தலைவர் குரல் சுமார், குருநாதர் குரல் அதைவிடச் சுமார், வில்லன் குரலுக்காக மட்டும் பார்க்கலாம்." இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து என் வெந்நீரைக் குடிக்கிற மனுஷன்! என் மனைவியைக் கேட்டேன். பார்க்காமல் எழுத மாட்டேன் என்று சொல்லி உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள். நடுவில் திரும்பி, "அந்தச் சேனாபதி ஏங்க நீங்க கரண்ட் போனா கத்துற மாதிரியே கத்துறான்?" என்றாள். நான்தானே கத்துகிறேன் என்றேன். "இதைப் போன்ல காசு கட்டி வேற பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, "வீட்டிலும் இதே குரல்தான், புதுசாக ஒன்றும் இல்லை" என்று எழுதி இரண்டு போட்டாள். இரண்டே அதிகம் என்று நினைத்திருப்பாள் போல.

இத்தனைக்கும் நடுவில்தான் உங்கள் கருத்து வந்து இறங்கியது. "தரம் போதாது. எந்த உதடும் எந்தச் சொல்லோடும் பொருந்தவில்லை. குருநாதர் முதல் கடைசிச் சிப்பாய் வரை அனைவருக்கும் ஜலதோஷம். பொறுப்பில்லாத வேலை..." கீழே உங்கள் முழுப்பெயர், அதற்கும் கீழே 'தரச்சோதனைப் பிரிவு, ஓய்வு'. மேலே ஒரே ஒரு நட்சத்திரம். ஆலையில் ஒரு நட்டு கோணல் என்றால் பெட்டியையே திருப்பி அனுப்பியவர் நீங்கள், எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் ஆலைக்குப் பக்கம் என்று நம் வீட்டிலேயே தங்கியிருந்தீர்களே, அப்போது என் பள்ளிக்கூட நோட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பீர்கள். அதனால் நீங்கள் திட்டினதுகூட எனக்குப் பெரிசாத் தெரியல அத்தான். அந்தக் கடைசியில மூணு புள்ளி வச்சீங்களே, அதுதான் தாங்கல. சொல்ல இன்னும் இருக்கு, ஆனா இவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு பேனாவை மூடி வச்ச மாதிரி இருந்துச்சு.

உங்கள் கருத்து பயனுள்ளதாக இருந்தது என்று ஊர்ப்பட்ட பேர் அமுக்கியிருக்கிறார்கள். அதனால் அதுதான் எல்லாவற்றுக்கும் தலையில் நிற்கிறது, படத்தைத் திறந்தால் முதலில் நீங்கள்தான். முதலாளி எங்கள் எதிரிலேயே போனைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாக வாசித்தார். "இந்த ஆளுக்கு வேலை தெரிஞ்சிருக்குய்யா. யாருன்னு விசாரி" என்று என்னிடம் சொன்னார். விசாரிக்கிறேன் சார் என்றேன். வேற என்ன சொல்றது? எங்க அக்கா வீட்டுக்காரர்னா சொல்ல முடியும்? பாப்பா என் முகத்தைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. குருநாதர் கேட்காமலே புரிந்துவிட்டது.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டேன். "என்னக்கா, அத்தான் இப்படிப் பண்ணிட்டாரே" என்றேன். அக்கா கொஞ்சம்கூடப் பதறவில்லை. "அவர் எழுதினதை முழுசாப் படிச்சியாடா?" என்று கேட்டாள். "படிச்சேன் படிச்சேன், புள்ளி வரைக்கும் படிச்சேன்" என்று சொல்லி ஆத்திரத்தில் நானே வைத்துவிட்டேன். நம் குடும்பத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் அப்படி வைத்ததில்லை. அதற்காக அக்காவிடம் என் வருத்தத்தைச் சொல்லவும்.

எனக்கு அலுத்துப்போச்சு அத்தான். யார் யார் வாய்க்கோ பேசிப் பேசியே வயசாயிருச்சு. ரோட்டில் என் குரலைக் கேட்டு யாராவது திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்று ஒரு காலத்தில் ஆசை இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தரம் ஒருத்தர் திரும்பினார். நான் அவர் காலை மிதித்துவிட்டிருந்தேன். இப்போது அந்த ஆசையெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் காலையில் எழுந்து போக ஒரு கண்ணாடி அறை இருந்தால் போதும், பாப்பாவின் டம்ளர் அலமாரிக்குத் திரும்பி வந்தால் போதும். இதற்கு உங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு நட்சத்திரம். உங்களிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றுகூடக் கேட்டதில்லை.

உங்கள் முழங்காலுக்கு நல்ல சுகமும், அக்காவுக்கு நல்ல பார்வையும், உங்கள் கையால் எழுதப்படும் எல்லாக் கருத்துகளுக்கும் இனிமேலாவது கொஞ்சம் இரக்கமும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மறுபடியும் அந்த நட்சத்திரத்தை ஞாபகப்படுத்தி முடிக்கிறேன்.

என்றும் தங்கள் சொல்லுக்கு அடங்கிய,
அக்காவின் தம்பி

பின்குறிப்பு: உறையில் உங்கள் முகவரியை எழுதும் நேரத்தில் மகள் வேலையிலிருந்து வந்தாள். யாருக்குக் கடிதம் என்று கேட்டு, விஷயம் தெரிந்து, போனை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இதை அமுக்கினீங்களா?" என்றாள். எதை என்றேன். "இங்க பாருங்க, புள்ளிக்குப் பக்கத்துல 'மேலும் படிக்க'ன்னு இருக்கு." அது அடுத்தவர் கருத்துக்குப் போகிற வழி என்று நினைத்து, அடுத்தவர்கள் திட்டியது போதும் என்று நான் அதைத் தொடவே இல்லை என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அமுக்கினாள். புள்ளிகள் போய்விட்டன. உங்கள் எழுத்து கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

நீங்கள் எழுதியதை உங்களுக்கே திருப்பி எழுதுகிறேன், எனக்கு ஒரு தரம் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். "...இந்தப் படத்தில் என் மைத்துனர் பேசியிருப்பதாகக் குடும்பத்தில் சொன்னார்கள். எந்தக் குரல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, கேட்டால் மதிப்பீடு கெட்டுவிடும். முதல் காட்சியில் கோட்டைக் கதவைத் திறக்கும் கிழவர் ஒரே ஒரு வரி பேசுகிறார். அந்தக் குரல் நடிக்கவில்லை. நான் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் என் மாமனார் எழுந்து வந்து கதவைத் திறந்து இதையேதான் சொல்வார், இதே குரலில். ஒரு நாளும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதில்லை. அவர் போன பிறகு எனக்கு அப்படி யாரும் கதவு திறந்ததில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் அழுதாள். மற்றபடி இந்தப் படம் நட்சத்திரத்துக்கே தகுதியில்லாதது. போட்டிருக்கும் ஒன்று முழுவதும் அந்தக் கிழவருக்கு. அவருக்குப் பேசியவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்."

அத்தான், அது நான். அது அப்பா சொல்வது என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு மூக்கடைத்து, நிற்க முடியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேனே, வந்தது அவர்தான் போலிருக்கிறது. மகள் அந்தக் காட்சியைப் போட்டாள். நாங்கள் மூவரும் பார்த்தோம். நான் மட்டும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என் மனைவி தன் இரண்டைத் திருத்தப் போகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், எவ்வளவாக என்று சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தில் மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். அந்த நட்சத்திரத்தைத் தொடாதீர்கள், நீக்காதீர்கள், இரண்டாகக்கூட ஆக்காதீர்கள். வெள்ளிக்கிழமை என்ன ஆனாலும் சரி, பாப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்களும் அக்காவும் ஒரு நாள் இங்கே வாருங்கள். ரயில் எந்நேரத்துக்கு வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை, மணியை அடியுங்கள். கதவை நானே வந்து திறக்கிறேன்.